நான் வேண்டாம் என்ற வரி

மாமாவுக்குப் பூச்சிமருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி அவர். அருப்புக்கோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில், கழுத்தில் டையோடு அவர் எங்கள் ஊரில் வந்து இறங்கினால், வண்டியை ஓட்டி வந்தவளே நான்தான் என்பதுபோல் தெருவில் நடப்பேன். திருச்சுழிப் பக்கத்துப் புழுதியில் டை கட்டிய ஆளை அதற்குமுன் யார் கண்டது!

பருத்தியில் அசுவினிப் பூச்சி விழுந்திருந்த சமயம். புது மருந்தைப் பற்றி ஊர்க்காரர்களிடம் பேச, மாமா முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார். அம்மாவும் அத்தையும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, அதைப் பார்த்து அவர் பேசிப் பழகினார்.

"இந்த மருந்து செடிகொடிக்குள்ள ஏறிரும். வாடை போயிருச்சேன்னு நம்பிராதீக. அடிச்சு இருபது நாளைக்கு அந்தக் காட்டுல ஒரு இலையப் பறிச்சு ஆடு மாட்டுக்கும் போடக் கூடாது, நாமளும் திங்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மாமா, ஆடு மேய்க்கிறவுக மாதிரி பேசுறீக? இதுக்கா டை கட்டுனீக?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. பையிலிருந்து கம்பெனி கொடுத்த தாளை எடுத்தார். பட்டிக்காட்டுத் தமிழில் பேசினால் சரக்குக்கு மதிப்பிருக்காது என்று அவருடைய ஆபீசரும் சொல்லியிருந்தாராம். ஆபீசரோடு நானும் சேர்ந்துகொண்டேன். மாமா தாளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க, நான் டீச்சர்போல் சரிபார்த்தேன்.

மறுநாள் வேப்பமரத்தடியில் பொழிந்து தள்ளினார். சிஸ்டமிக் ஆக்‌ஷன் என்றார், ரெசிடியூ என்றார், வெயிட்டிங் பீரியட் ட்வென்டி டேஸ் என்றார். அப்பா மட்டும், "வெயிட்டிங்குன்னா என்ன மாப்ள?" என்று எழுந்தார். "உக்காரும்யா, படிச்சவுக பேசுறாக" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். முதலில் கை தட்டியது நான். கொண்டுவந்த மருந்து அத்தனையும் மத்தியானத்துக்குள் விற்றுப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் மருந்தடித்த காட்டில் வாடை இருக்கும்வரை கீரைக்கு யாரும் இறங்கமாட்டார்கள். வாடை போனால் இறங்குவார்கள். அதுவரை பார்த்த மருந்துகளுக்கெல்லாம் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இந்தப் புது மருந்தோ மூன்றே நாளில் மணக்காமல் போயிற்று.

அப்பா மருந்தடித்த ஐந்தாம் நாள் காலையில் அத்தை என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். அப்பாவின் அக்கா, புருஷன் போனபிறகு எங்களோடு இருந்தவள். தினமும் எனக்குத் தலை சீவிப் பின்னிவிடுவது அவள்தான். பருத்திக்கு நடுவே தொய்யக்கீரை தளதளவென்று கிளம்பியிருந்தது. அவள் கிள்ளிக் கிள்ளிப் போட, நான் பாவாடையை விரித்து வாங்கினேன். மாமாவின் வரி எனக்குத் தலைகீழாகத் தெரியும். பாவி, அது ஞாபகத்துக்கு வரவேயில்லை. எனக்கு அது பேச்சிலிருந்து அடித்துப்போட்ட ஒரு வரி. மடியில் கிடந்த கீரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

களையெடுக்கப் போகும் அவசரத்தில் அத்தை முதலில் சாப்பிட்டாள். நாங்கள் உட்காருவதற்குள் அவளுக்கு வாந்தி, வாயெல்லாம் நுரை. அப்பா தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பஸ் வரவில்லை. லாரி ஒன்றை மறித்து ஏற்றினார்கள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். கீரை என்றதும், எந்தக் காட்டுக் கீரை என்று கேட்டார்களாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சக் கீரையைச் சட்டியோடு அம்மா குழிதோண்டிப் புதைத்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமா நடந்தே வந்தார். டை இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கும்பிட்ட கையோடு, அன்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்ன அதே வரியைச் சொன்னார். ஒருவரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. எங்கள் வாசலுக்கும் வந்து, யாரோ அந்நியர் வீட்டில் சொல்வதுபோல் முழுசாகச் சொல்லி முடித்தார்.

"இம்புட்டுதானா? இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?" என்று அம்மா அலறினாள்.

மாமா நிமிர்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்க்கா" என்றார்.

அவர் எந்தச் சொல்லை விழுங்கினார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஊரே பார்க்க ஆடு மேய்க்கிறவர் மாதிரி பேசி மானத்தை வாங்குகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.