கருவாட்டு உரம்

அம்மா செத்துப் பதினேழாம் நாள், கருமாதி முடிந்த மறுநாள், தாய்மாமா ஒரு சாக்கோடு வந்து நின்றார். சாக்கு நிறையக் கருவாட்டுத் தலையும் முள்ளும். அதிராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தாராம். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்து வந்தார்களோ, பாவம்.

மாமா தஞ்சாவூரில் வாத்தியார். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்துக்கொண்டு, மாட்டெருவைப் பாக்கெட்டில் வாங்கிப் போடுகிற விவசாயி.

படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் அம்மா கொல்லையில் பத்துக் கத்திரி நட்டிருந்தாள். வருஷா வருஷம் அவளே எடுத்து வைக்கிற விதை. மிச்சம் வைக்காமல் மொத்தத்தையும் நாற்று விட்டுவிட்டாள். இந்தப் பத்தும் போனால் அந்தக் கத்திரி இல்லை. இழவு வீட்டுக் கூட்டத்தில் நான் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. செடி வாடிக் கிடந்தது.

"சத்து பத்தலம்மா. மீன் உரம் போட்டா சும்மா கிளம்பும். போன்ல பாத்தேன்."

"அது பச்ச மீனு மாமா. வெல்லம் போட்டு ஊற வச்சு, தண்ணில கலந்து ஊத்துவாங்க. இது உப்பு."

"மீனு மீனுதான். நீ எட்டாவது, நான் பிஎஸ்ஸி. தள்ளு."

தள்ளி நின்றேன். நின்றிருக்கக் கூடாது. ஒவ்வொரு செடியின் அடியிலும் குழி பறித்துப் புதைத்தார். தெருப் பூனையெல்லாம் வேலியோரம் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தன.

நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. போன் போட்டேன்.

"உரம் ஏறுதும்மா. அப்படித்தான் இருக்கும்."

கருகுவதற்குப் பெயர் ஏறுவதாம்.

போனை வைத்துவிட்டுக் கருவாட்டைத் தோண்டி எறிந்தேன். உப்பேறிய மண்ணையும் அள்ளிக் கொட்டினேன். எருக்குழியில் அம்மா போன வருஷம் போட்ட சாணியும் வைக்கோலும் அடுப்புச் சாம்பலும் காய்த்தோலும் மக்கி, கறுப்பாய், நாற்றமே இல்லாமல் பொலபொலவென்று கிடந்தது. அதைக் கூடையில் அள்ளும்போதுதான், அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது வராத அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு செடியின் அடியிலும் அதைப் போட்டு அணைத்தேன்.

ஏழு செத்தது. மூன்று பிழைத்தது.

தை மாதம் மாமா வந்தார். காய்த்து நின்றதைப் பார்த்து, "பாத்தியா, என் மீன் உரம்" என்று மஞ்சளாய்ப் பழுத்திருந்த காயில் கை வைத்தார்.

"கைய எடுங்க. அது விதைக்கு."

"ஒண்ணே ஒண்ணும்மா. குழம்புக்கு."

"பழுத்த காயில யாராச்சும் குழம்பு வைப்பாங்களா மாமா?"

அவர் இருக்கும்போதே அறுத்து, விதையை அலசி, சாம்பலில் புரட்டி முறத்தில் காயப் போட்டேன். அவர் பஸ் ஏறும்வரை அந்த முறத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை.