அடுப்பே வேண்டாத பலகாரம்

அந்தப் பலகாரத்துக்கு அடுப்பு வேண்டாம். இது உண்மை. இந்த உண்மையை ஒருநாள் பத்துப் பேர் நடுவில் வாயைத் திறந்து சொன்னேன். அதனால் என் தங்கைக்கு என்ன ஆயிற்று என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, அவளுக்கும்தான்.

எழுபதுகளின் நடுவில் நான் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்த ஊர் பாலக்காட்டை அடுத்த சித்தூர் பக்கம். நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டு மலை ஏறியிருந்தேன்.

எஸ்டேட்டில் என் அறைக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் பெரிய கிளார்க்கின் குடும்பம் இருந்தது. அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். அந்த அக்கா மார்கழிக் குளிரில் ஓர் இனிப்புச் செய்வார். மேரி பிஸ்கட்டைக் கெட்டியான காப்பி டிகாக்ஷனில் முக்கி எடுத்துப் பாத்திரத்தில் ஒரு வரிசை அடுக்குவார். வெண்ணெய், பொடித்த சர்க்கரை, கோகோ மூன்றையும் குழைத்து அதன்மேல் ஒரு பூச்சு. திரும்பப் பிஸ்கட், திரும்பப் பூச்சு. பாத்திரம் நிறைந்ததும் மூடி போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுவார். காலையில் கத்தியால் வெட்டித் தருவார். வெட்டிய பக்கத்தில் கறுப்பும் பழுப்புமாக வரிகள் தெரியும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, அப்புறம் காப்பியின் கசப்பு.

"இதை எப்படிக்கா வேக வைப்பீங்க?" என்று முதல் தடவை கேட்டேன்.

"வேக வைக்கவா? அடுப்பே வேண்டாம் தம்பி. ராத்திரி மூடி வச்சிட்டு நான் போர்வைக்குள்ள போயிருவேம்லா, அது பாட்டுக்கு ஆயிரும். குளிரு பாத்துக்கிடும்."

அந்த பதில் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நானே என் அறையில் சில தடவை செய்தேன். உடன் வேலை செய்த பையன்கள் பாத்திரத்தை வழித்துத் தின்றார்கள். "அடுப்பே வேண்டாம், தெரியுமா?" என்று யாருக்குக் கொடுத்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுவேன். வாழ்க்கையில் அதுவரை நான் தனியாகச் சாதித்தது என்று ஒன்றும் இல்லாததால் இருக்கலாம், அதை என் சொந்தக் கண்டுபிடிப்புப் போலவே வைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை ப்ரீ டிகிரி தேறியிருந்தாள். மேலே படிக்க ஆசை. அம்மா விடவில்லை. வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் நடந்திருக்கும். சொல்லவில்லை. அப்போதுதான் தரகர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை காலேஜில் வாத்தியார். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண்ணைப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். பெண் பார்க்க வரும் நாளுக்கு நான் லீவு போட்டு வந்தேன். நல்ல சித்திரை வெயில்.

வந்த அன்றைக்குத் தங்கை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, இந்த எடம் எப்படியாச்சும் முடியோணும்ணா. அவிய படிக்க வெக்கறாங்களாமா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"முடியும் போ" என்றேன். மனதுக்குள் அப்போதே பிஸ்கட் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். கோகோ டின்னை மலையிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

மறுநாள் காலையில் நான் வெண்ணெயைக் குழைக்க உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, கேசரியும் போண்டாவும் பத்தாதா? இதென்ன சேத்தைக் கொழைக்கறாப்பல கொழைச்சுட்டிருக்கற?"

"இதுக்கு அடுப்பே வேண்டாம்மா."

"அடுப்பு வேண்டாத பலகாரம் என்ன பலகாரம்? சாமிக்குப் பழம் உரிச்சு வெக்கற மாதிரியா? அப்ப டிகாசனுக்குத் தண்ணி ஆரு காய வெக்கறது, உங்க எஸ்டேட்டு தொரையா?"

"அதெல்லாம் கணக்குல வராதும்மா."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "நானும் பாக்கறண்ணா, எப்படின்னு சொல்லிக் குடு" என்றாள். "பட்டுப் பொடவை கட்டறவ கையைக் கறை பண்ணிக்காத. போய்த் தலை பின்னிக்க" என்று விரட்டினேன். உண்மையில் எனக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது பிடிக்கவில்லை.

எருமை வெண்ணெய் எங்கள் ஊர் வெயிலில் குழைந்துகொண்டே போனது. குளிருக்கு எங்கே போவது? அகலமான போசியில் அடுக்கி மூடி, வாளியில் வைத்து, சேந்து கிணற்றில் தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும்படி கயிற்றில் இறக்கிக் கட்டினேன். அது நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. போகிற வருகிற எல்லோரிடமும் கிணற்றைக் காட்டினேன்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. வாளையார் செக்போஸ்டில் லாரிகள் மறித்து நின்றுவிட்டன. அவர்களுடைய டாக்சி நடுவில் மாட்டிக்கொண்டது. அதெல்லாம் பின்னால் தெரிந்தது. நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நல்ல நேரம் போய்விட்டது. தங்கையின் முகத்துப் பவுடர் வேர்வையில் வரி வரியாக இறங்கியது. அம்மா இரண்டு தடவை பூஜை அறைக்குப் போய்வந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கார் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், இன்னும் சில பெண்கள். பசியும் எரிச்சலுமாக இறங்கினார்கள்.

கிணற்றிலிருந்து வாளியை இழுத்தேன். போசி ஜில்லென்று இருந்தது. ஆனால் வெட்டினால் நிற்கவில்லை. துண்டுகள் தட்டில் சரிந்தன. எனக்கு அழுகை வராத குறை. கேசரியை மட்டும் கொடுத்திருக்கலாம். கரண்டி போட்டு அதையும் கொண்டுபோய் வைத்தேன்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த வெக்கையில் குளிர்ச்சியாக ஒன்று கிடைத்ததே காரணம். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது கரண்டி எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்னுங்க பலகாரம்? கோயமுத்தூர்லயே நானு இப்படித் தின்னதில்லீங்க."

"எல்லாம் பாப்பா செஞ்சதுங்க" என்றாள் அம்மா. "காத்தால புடிச்சு அடுப்படிய உட்டு நகருலீங்க."

பெண் பார்க்க வருகிற வீட்டில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். கடையில் வாங்கிய மிக்சரைக்கூடப் பெண் செய்ததாகச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் தெரியும். அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த அம்மாளுக்கு நிஜமாகவே அந்தப் பலகாரம் வேண்டியிருந்தது.

"எப்படிக் கண்ணு செஞ்ச? சொல்லு, நானும் ஊட்ல செஞ்சு பாக்கறேன்."

தங்கை ஒரு கணம்தான் தயங்கினாள். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த சமையலை வைத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"பிஸ்கோத்தை அடுக்கி, மேல காப்பித் தண்ணிய ஊத்தி, கோகோவைத் தடவி, இட்லி கொப்பரையில வெச்சு ஆவி கட்டோணுமுங்க. கா மணி நேரத்துல வெந்துரும். அப்புறம் ஆற வெச்சுக்கலாமுங்க."

அந்த அம்மாள் தலையாட்டினார். விஷயம் அங்கே முடிந்திருந்தது.

"வேக வெக்கறதா!" என்றேன் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "இதுக்கு அடுப்பே வேண்டாமுங்க. அதுதானுங்க இதுல விசேசமே. மலையில இதைச் சும்மா ஜன்னல்ல வெச்சாப் போதும். இங்கே குளிருக்காகக் கெணத்துல எறக்கி வெச்சேன். மொதல்ல டிகாக்ஷனைக் கெட்டியா..."

எவ்வளவு தூரம் சொன்னேன் என்று தெரியாது. பூச்சு எத்தனை கனம் இருக்க வேண்டும் என்பதை விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் முகம் கண்ணில் பட்டது.

முதலில் பேசியவர் தாய்மாமன். "அக்கா, அப்ப நாம பொண்ணைப் பாக்க வந்தமா, பையனைப் பாக்க வந்தமா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "பையன் நல்லாத்தான் சமைக்கறாப்ல. கட்டிக் குடுக்க நம்ம ஊட்ல பொண்ணில்லாமப் போச்சே!"

நானும் சிரித்தேன். சிரிப்பில் எல்லாம் கரைந்துவிடும் என்று நம்பினேன். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யாராவது உள்ளே போகச் சொன்னால் போய்விடுவாள். யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை மட்டும் தட்டில் இருந்ததை மெதுவாகத் தின்று முடித்தார்.

அவர்கள் போன பிறகு தங்கை பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து கிணற்றடியில் போசியைத் துலக்க உட்கார்ந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைத் திட்டு என்றேன். அவள் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ சொன்னது நெசந்தானண்ணா. நெசத்தைச் சொன்னவங்களை என்னன்னு திட்டறது?"

அடுத்த வாரம் தரகர் வந்து, அவர்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். நான் யாருக்கும் சொல்லாமல் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். வாளையாரில் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றது. சிமெண்டுத் தூசி ஜன்னல் வழியாக வந்து மடியில் விழுந்தது. பொய் சொன்னது பெண் இல்லை, அம்மாதான் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கூசவும் செய்தது.

மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உங்கம்மா சொன்னது போகட்டுமுங்க தம்பி" என்றார். "எல்லா ஊட்லயும் சொல்றதுதான். எம்பட மகளுக்கு நானும் சொல்லியிருக்கறனுங்க. உங்க தங்கச்சி சொல்லுச்சு பாருங்க, இட்லி கொப்பரை, கா மணி நேரம்னு, கண்ணுகூடச் சிமிட்டாம. அதுதான் எனக்குப் பயமாப் போச்சுங்க. நாளைக்கு எங்க ஊட்ல வந்து அது எதைச் சொன்னாலும் நானு எப்படிங்க நம்பறது?"

அம்மாவைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். வாயைத் திறந்து கெடுத்ததை வாயைத் திறந்து சரி செய்ய முடியவில்லை. பேசப் பேச என் தங்கை சொன்னது பொய் என்பதை நானே இன்னும் அழுத்தமாக நிரூபித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல் வரை வந்தார். "பலகாரம் நல்லா இருந்துச்சுங்க" என்றார். அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறு வருடம் அவளை ஆனைகட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தோம். நல்ல மனிதர். குறை ஒன்றும் சொல்ல முடியாது. புத்தகம் மட்டும் அவள் கைக்கு வரவே இல்லை. அவளுடைய மகள்கள் படித்தார்கள். அதை வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

இன்னொன்றும் வருடக்கணக்கில் உறுத்தியது. அடுப்பே வேண்டாம் என்று நான் சொன்னதுகூட முழு உண்மை இல்லை. டிகாக்ஷனுக்கு வெந்நீர் அம்மா அடுப்பில்தான் வைத்துக் கொடுத்தாள். அந்த அரை உண்மைக்காகத்தான் தங்கையைப் பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன்.

சமீபத்தில் அவளுடைய பேரன் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் சின்னக் கண்ணாடிக் கப்புகளில் ஓர் இனிப்பு வந்தது. கறுப்பும் பழுப்புமாக வரிகள். பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இது எப்படிச் செய்யறாங்கன்னு தெரியுமுங்களா?" என்று என் தங்கையிடம் கேட்டாள்.

தங்கை என் பக்கம் கையைக் காட்டினாள். "எங்கண்ணனைக் கேளு கண்ணு. அவருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"இட்லி கொப்பரையில வெச்சு ஆவி கட்டறதுங்க" என்றேன். "கா மணி நேரம்."

"ஐயோ தாத்தா, இதுக்கு அடுப்பே வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல வெச்சாப் போதும்!" என்று ஒரு பெண் கத்தினாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. தன் கப்பில் பாதி மிச்சம் வைத்திருந்தாள். அதை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குக் கசக்குதுண்ணா. நீயே தின்னு."

தின்றேன்.