இரண்டாவது சாவி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். அன்று கையை இன்னும் நாலு அங்குலம் நீட்டியிருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஜன்னலே கிடையாது.

நாங்கள் செய்வது விசிறி இல்லாத விமானம். இரண்டு முழ மாதிரிதான். முன்னால் முடி போல மெல்லிய கம்பி, பின்னால் அலுமினியத் தகடு. கம்பியில் நாற்பதாயிரம் வோல்ட் ஏற்றினால் காற்று தானாகத் தகட்டைப் பார்த்து ஓடும். அயனிக் காற்று என்பார்கள். சுழல்வது எதுவும் இல்லை, 'உஸ்...' என்று ஒரு சீறல் மட்டும். காற்று வருகிறதா என்று பார்க்கத் தகட்டுக்குப் பின்னால் ஒரு டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டிருப்போம்.

இதெல்லாம் கம்பிவலைக் கூண்டுக்குள். மின்சாரம் போடும் பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம். அதற்கு ஒரே ஒரு சாவி. கூண்டுக்குள் போகிறவன் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே போனதும் எர்த் கோலால் கம்பியைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். சாவிதான் என்னிடம் இருக்கிறதே என்று நான் அதை மட்டும் செய்வதில்லை. சோம்பேறித்தனம்.

பெட்டிக்குப் பொறுப்பு என் அக்கா வீட்டுக்காரர், மச்சான். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். எனக்குப் பதவி உயர்வு வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நானும் அவரைக் கண்டால் கடுகடுதான்.

மணி 3.05. கம்பி தொய்ந்திருந்தது. பெட்டியைப் பூட்டினேன். சாவி சட்டைப் பையில். விளக்கைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனேன்.

3.09. இன்டர்காம் கரகரத்தது. மச்சான் குரல்.

"மாப்ள, கரண்டு இல்ல. தைரியமா தொடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்ள என்று கூப்பிட்டு ஆறு மாதம் ஆகிறது. இன்று என்ன திடீர்ப் பாசம்?

கையை நீட்டினேன்.

கை மயிர் குத்திட்டு நின்றது.

டிஷ்யூ துண்டு ஆடியது. கதவு மூடித்தான் இருந்தது... ஆனாலும் ஆடியது. மெல்ல எழுந்து, விறைத்து, அப்படியே நின்றது.

காற்று ஓடுகிறது!

பையைத் தடவினேன். சாவி இருக்கிறது.

'உஸ்...'

"தொடு மாப்ள..."

கையை இழுத்துக்கொண்டேன்.

"தொடு."

திரும்பாமல் பின்வாக்கிலேயே நகர்ந்தேன்... ஒவ்வோர் அடியாக.

3.12. வெளியே வந்து மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

"பைத்தியமாடா உனக்கு? நீதானே வந்து, வேலை முடிஞ்சுது போடுங்கன்னு சாவியக் குடுத்தே!"

"நானா? என் முகத்தப் பாத்தீங்களா?"

"உன் மூஞ்சிய எவன் பாத்தான்? கைய மட்டும்தான் பாத்தேன்." குரல் இறங்கியது. "ஜில்லுன்னு இருந்துச்சு."

"அப்ப இன்டர்காம்ல கூப்பிட்டது?"

"நான் கூப்பிடவே இல்ல."

பெட்டியில் சாவி செருகியிருந்தது. என் பையிலும் சாவி இருந்தது. பெட்டியை அணைத்து அந்தச் சாவியை உருவினேன். பல் இடுக்கில் ஈர மண். தூசி பட்டாலே பொறி பறக்கும் என்று மூன்று வேளை துடைக்கும் இடம் அது. மண் எங்கிருந்து வரும்?

சத்தம் கேட்டு ஓடி வந்த தலைமைப் பொறியாளர் அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் அதே கூண்டில்தான் செத்தானாம். சாவி அவனிடம்தான் இருந்திருக்கிறது. அன்று வெளியே நின்றவன் அவசரத்துக்கு என்று செய்து வைத்திருந்த கள்ளச் சாவியைப் போட்டு மின்சாரத்தை ஏற்றிவிட்டான்.

"உன் பையில இருக்கறது அந்தக் கள்ளச் சாவி. ஒரிஜினல் செத்தவன் கைக்குள்ள இருந்துச்சு. விரலப் பிரிக்க எவ்வளவோ பாத்தோம், முடியல."

என் கையிலிருந்த மண்சாவியைப் பார்த்தார்.

"அதோடதான் புதைச்சோம்."