சித்தி திருப்பிய பலகை

என் சித்தி நெடுஞ்சாலைத் துறையின் பலகைப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அந்தக் காலத்தில் சாலை போட்ட வரிசையிலேயே எண் கொடுத்துவிட்டதால், நான்காம் எண் சாலையை ஒட்டி எழுபத்தொன்று ஓடியது. புதிதாக வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒருவழியாக எல்லா எண்களையும் மாற்ற முடிவானது. தெற்கு வடக்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு இரட்டைப்படை. எங்கள் வட்டத்தின் பலகைகள் முழுவதும், முதன்முறையாக, சித்தியின் பொறுப்பு.

புதுப் பலகைகளை மாட்டிக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். குறித்த நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாத் துணியும் ஒரே நேரத்தில் அவிழ வேண்டும்.

அன்று காலை நான் பட்டறைக்குப் போனபோது சித்தி கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தாள். ‘பிரேக்’ என்று எல்லோரும் கூப்பிடும் வேன் டிரைவர், சுவரில் சாய்ந்திருந்த பலகையைக் காட்டினார்.

“ஏங்க்கா, தொண்ணூத்தொம்பதுல ஒண்ணு மிச்சமா?”

“அதுல ஏது மிச்சம்? அறுபத்தாறுலதான் ஒண்ணு மிஞ்சுச்சு.”

சொன்னவள் அப்படியே நின்றாள். பலகையைத் தலைகீழாகத் திருப்பினாள். அறுபத்தாறு. மறுபடி திருப்பினாள். தொண்ணூற்றொன்பது. சதுரப் பலகை, நான்கு மூலையிலும் துளை. எப்படி வைத்தாலும் போல்ட் உட்காரும். மாட்டுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவளே யோசித்துச் செய்தது.

அந்த இரண்டு சாலைகளும் ஊருக்கு வெளியே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அங்கே பலகை தலைகீழானால் ஆம்புலன்ஸ்கூட வேறு திசையில் போய்விடும்.

சித்தி உடனே அதிகாரிக்கு போன் செய்தாள். பதினொன்றரைக்குள் எல்லாம் சரி என்று சொல்லாவிட்டால் எண் மாற்றமே தள்ளிப்போகும் என்றார் அவர்.

“இந்த ரெண்டு ரோட்டுலயும் மொத்தம் முப்பத்திநாலு பலகை. ஏணிய ஏத்துங்க! நீயும் வாடி!”

“என் பேருதான்க்கா பிரேக்கு. இன்னைக்கு அத மிதிக்கவே மாட்டேன்” என்று பிரேக் வேனைக் கிளப்பினார்.

கம்பத்துக்குக் கம்பம் நான் ஏறித் துணியைத் தூக்கி எண்ணைக் கத்தினேன். வீட்டில் என் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது என்பார்கள். அன்று வயல் தாண்டிக் கேட்டிருக்கும். சித்தி பட்டியலில் டிக் போட்டாள். முப்பத்து மூன்றும் சரி. இதற்கா இவ்வளவு பதற்றம் என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிக் கம்பம் சந்திப்பிலேயே இருந்தது.

“தொண்ணூத்தொம்பது!”

“இங்க அறுபத்தாறுடி! இறங்கு, இறங்கு!”

சித்தி புடவையைச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு ஏறினாள். மூன்று போல்ட் கழன்றது. நான்காவது அசையவில்லை.

“எந்த மகராசன் இப்படி முறுக்கினானோ! பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பலத்தக் காட்டியிருக்கான்!”

இரண்டு கையாலும் தொங்கினாள். ஏணியை நானும் பிரேக்கும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். கிறீச்சென்று போல்ட் இளகியது. பலகையைத் திருப்பி மாட்டித் துணியைக் கட்டி இறங்கும்போது மணி பதினொன்று இருபத்தெட்டு.

“எல்லாம் சரிங்க சார்” என்று போனில் சொன்னவளுக்கு மூச்சு வாங்கியது.

பன்னிரண்டுக்குக் கயிற்றை இழுத்தாள். துணி சரிந்து விழ, முதல் லாரி வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏம்மா, மேற்க போகணும். இந்த அறுபத்தாறுதானே?”

“கண்ண மூடிட்டுப் போங்கண்ணே!” என்றாள் சித்தி, ஸ்பேனரை ஆட்டி.

“கண்ண மூடிட்டா? அப்புறம் பலகை எதுக்கும்மா?” என்று சிரித்துவிட்டு அவர் மேற்கே திருப்பினார்.