கடலுக்குப் போகும் போன்

கொரோனாவுக்காகப் பயணத்தடை விதித்துப் பள்ளிக்கூடங்களை மூடிய காலத்தில் பத்திரிகை மன்னாருக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. நிருபராக நான் அனுப்பிய செய்திகளுக்கும் இடம் குறைந்துபோனது. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவ ஆள் தேடிய ஒரு சிறு குழுவோடு சேர்ந்துகொண்டேன். ஊருக்குள் நடமாட ஒரு பாஸும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். மன்னாரை அடுத்த வங்காலையில் கரையோரத்து வீடுகள் என் பங்கு.

துண்டுப்பிரசுரத்தை எழுதியவர்கள் வங்காலைக்கு வந்தவர்கள் அல்லர். பிள்ளைக்கு அமைதியான அறை ஒன்றை ஒதுக்குங்கள், மேசை கதிரை போடுங்கள், போனைச் சிறுவர்களுக்கு எட்டாத சுத்தமான ஓரிடத்தில் நிரந்தரமாக வையுங்கள் என்று அது சொன்னது. நான் போன வீடுகள் பலவற்றில் அறையே ஒன்றுதான். அதில்தான் வலையும் கிடந்தது.

நான் அதிகம் போன வீட்டில் பதினோராம் ஆண்டு படிக்கும் மகள் இருந்தாள். தாதியாக வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும். ஓ.எல் எனப்படும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாமல் அது நடக்காது. அவளுக்குக் கணிதம் மட்டுமே இடித்தது. தாய் நண்டுத் தசை பிரிக்கும் வாடியில், கரையோரக் கொட்டகை ஒன்றில், வேலை செய்தார். நண்டு ஓட்டின் கூர் கிழித்த பழைய தழும்புகள் விரல்களில் இருந்தன. மகளை அந்த வாடியில் காணக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

வீட்டில் ஒரே ஒரு போன். அதைத் தகப்பன் பொலித்தீன் பையில் சுற்றி, விடியுமுன் படகில் கொண்டுபோவார். வலை போட்ட இடத்தை அதில்தான் குறித்து வைப்பார். அக்கரையிலிருந்து, வலைகளை அறுத்துப்போகும் இந்திய இழுவைப்படகுகள் வந்தால், கரைக்குக் கிட்ட இருக்கும் படகுகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்வதும் அதில்தான். அவர் கரைக்கு வரும்போது போனில் நடக்கும் காலை வகுப்பு முடிந்திருக்கும். ஒரு நாளைக்காவது போனை வீட்டில் விடமுடியாதா என்று கேட்டேன்.

"இது கடலுக்குப் போற போன், சேர். படிக்கிற போன் இல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வள்ளத்தை வள்ளம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வழியைக் காட்டியவர் தாய். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று போன் வீட்டில்தான் கிடக்கும். நான் கணித ஆசிரியையிடம் பேசினேன். கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிறு பின்னேரம் தனியாக ஒரு வகுப்பு எடுக்க அவர் சம்மதித்தார்.

தகப்பன் சிரித்தார். "மீனுக்கும் லீவு விடுற நாள். பிள்ளைக்கு லீவு இல்லையோ?"

"மீன் ஓ.எல் எடுக்கிறேல்ல, அப்பா" என்றாள் மகள்.

போனுக்கு நிரந்தர இடத்தையும் தாயே கண்டுபிடித்தார். சுவரில் மாதா சுரூபம் வைத்த மரத்தட்டு. வீட்டில் உயரமான, சுத்தமான, யாரும் கைவைக்காத இடம் அது ஒன்றுதான். கோவில் பூட்டியிருந்ததால் காலையில் திருப்பலியும் அந்தப் போனில்தான் வந்தது. குடும்பம் முழுவதும் தட்டின் முன் முழந்தாளிட்டது. பின்னேரம் அதே இடத்தில் கணிதம். மகள் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து, கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்து எழுதினாள். சில ஞாயிறுகள் இது ஒழுங்காக நடந்தது. அவள் செய்த கணக்குகளில் பிழை குறைகிறது என்று ஆசிரியை எனக்குச் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிறில் ஊர்த் திருவிழா வந்தது. கொடியேற்றம் இல்லை, சுற்றுப்பிரகாரம் இல்லை. வீட்டுக்குள்ளாவது குறைவில்லாமல் இருக்கட்டும் என்று தாய் போனின் இரண்டு பக்கமும் மெழுகுதிரிகளை வரிசையாக ஏற்றினார். மருந்துப் போத்தலொன்றில் சாய்ந்து நின்றது போன். நான் அங்கே இருக்கவில்லை. நடந்ததை மகள்தான் பிறகு சொன்னாள்.

எழுந்தேற்ற நேரம் வந்தது. குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்போதுதான் போத்தல் சறுக்கி, போன் முகம் குப்புற மெழுகுதிரிமேல் விழுந்தது. குருவானவரின் குரல் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் நிமிரவில்லை. கருகல் மணத்தைத் தாய் திரியின் மணம் என்று நினைத்தார். செபம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது திரையின் கீழ்ப்பாதி கொப்பளித்துக் கறுத்திருந்தது.

அன்று பின்னேரமும் அவள் வகுப்பில் இருந்தாள். மேற்பாதியில் ஆசிரியையின் நெற்றியும் கண்களும் தெரிந்தன. அவர் பிடித்திருந்த பலகை தெரியவில்லை. வட்டத்துக்குள் கோணங்கள் பற்றிய பாடம். இந்தக் கோணத்தைப் பாருங்கோ, இனி அந்தக் கோணத்தைப் பாருங்கோ என்று குரல் சொன்னது. தெரியவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அழுத்தும் பொத்தான் கீழ்ப்பாதியில் இருந்தது. அவள் கொப்பியில் ஒரு வட்டம் கீறிவிட்டுக் காத்திருந்தாள். நான் அடுத்த முறை போனபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வட்டம் மட்டும் இருந்தது.

அந்தப் போனோடுதான் தகப்பன் கடலுக்குப் போனார். இழுவைப்படகுகள் வருகின்றன என்று மற்றவர்கள் அனுப்பிய தகவல் கறுப்புக்குள் விழுந்தது. வலையில் பெரும்பகுதி போய்விட்டது. கடைகள் திறந்து வேறு போன் வாங்கியபோது, அது வலைக்கு அடுத்தபடி வாங்கிய பொருள். பையில் சுற்றப்பட்டு, ஞாயிறிலும் பையிலேயே கிடந்தது. இந்த முறை மறித்தவர் தாய்.

"சுவாமிக்கு வைச்ச இடத்தில கணக்கை வைச்சம். அது பிழை, சேர். மாதா காட்டிப்போட்டா."

திரி எரிந்தால் எதுவும் கருகும், போனை வேறு இடத்தில் வைக்கலாம் என்றேன். ஓம் என்றார். தேநீர் தந்தார். போனை எடுக்கவில்லை. மகள் தகப்பனைப் பார்த்தாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஆசிரியை தந்த வினாத்தாள்களை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்யாமல் விட்ட இடங்கள் கூடிக்கொண்டு வந்தன. ஒரு கட்டத்தில் அவள் தாள்களை வாங்கி நன்றி சொன்னாளே தவிர, பழைய தாள்களைத் திருப்பித் தரவில்லை.

பரீட்சை நடந்தது. மற்றப் பாடங்களில் எல்லாம் சித்தி. கணிதத்தில் இல்லை.

போன மாதம் நண்டு விலை பற்றி எழுதுவதற்காக அந்த வாடிக்குப் போயிருந்தேன். நீண்ட மேசையில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். தாய் என்னைக் கண்டு தலையை அசைத்தார், கை நிற்கவில்லை. மகளின் விரலில் ஒட்டுத்துணி இருந்தது. திரும்பப் பரீட்சை எடுக்கலாமே என்று கேட்டேன். அவள் நண்டின் ஒரு காலை முறித்து, தசையை முழுதாக இழுத்து, தட்டில் வைத்தாள்.

"அந்த வட்டத்துக் கோணங்களை நான் இன்னும் காணேல்ல, சேர்" என்றாள்.

அடுத்த நண்டை எடுத்தாள்.