சட்டை உறைக்குள் ஒரு கை

என் காரின் டேஷ்போர்டில், ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. புதுச் சட்டையைச் சுற்றி வருமே, தொட்டாலே மொறுமொறுக்கும் மெல்லிய உறை, அதுதான். அதற்குள் இருந்த சட்டை எனக்குப் பத்தாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. உறை மட்டும் இன்னும் பொருந்துகிறது, கைக்கு.

அதை முதலில் கையில் மாட்டியவர் என் சகலை, என் மனைவியின் அக்கா கணவர். தி. நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். குடும்ப விசேஷங்களில் அவரைக் கிண்டல் செய்வதை யாரும் கேட்காமலே என் இலாகாவாக எடுத்துக்கொண்டிருந்தேன். கார் அவருடைய அப்பாவினுடையது. அப்பா காலமான பிறகு, ஆதம்பாக்கத்துச் சந்தில் நிறுத்த இடமில்லை என்று மலிவாக எனக்குக் கொடுத்தார். “பத்திரமா பாத்துக்க சகல” என்றார். நானும் பத்திரமாக, அடையாற்றில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே, நிழலே விழாத ஓரிடமாகப் பார்த்து ஆறு வருடம் அதை வெயிலில் காயப்போட்டேன். கருநீல வண்டி, விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போனது.

அப்போதுதான் சகலையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை அவளுடைய தாத்தாவின் காரில்தான் வர வேண்டும். “என் பொறுப்பு. மண்டப வாசல்ல வந்து நிக்கும்போது கண்ணு கூசும் பாரு” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கு வரி கிடையாதே. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது கிண்டியில் ஒரு பட்டறையில் முழு பெயிண்டுக்கு விலை கேட்டேன். கேட்டதும் வண்டியைவிட நான் அதிகமாக வெளுத்தேன்.

ஞாயிறு காலை, பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் பச்சை நாரையும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். பானெட்டை அழுத்தித் தேய்த்ததும் நீல நீலமாகத் தண்ணீர் ஓடியது. வண்டி கரைகிறது! துடைத்துப் பார்த்தால், தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல வட்ட வட்டமாகக் கீறல்கள். என் மூளை இதுபோன்ற நேரங்களில் மிக வேகமாக, மிகத் தவறாக வேலை செய்யும். மயிலாப்பூர்ப் பூக்காரம்மாவுக்குப் போன் போட்டு, பானெட் கொஞ்சமும் தெரியாமல் மூட எத்தனை முழம் சாமந்தி வேண்டும் என்று கேட்டேன். “இன்னா சார், வண்டியே தெரியக் கூடாதா? கல்யாணமா, சாவா? அத்த சொல்லு மொதல்ல” என்றார் அவர்.

அதற்குள் என் மனைவி தன் அக்காவிடம் சொல்லிவிட்டாள். மாலையில் சகலை ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பானெட்டைச் சாய்ந்து பார்த்தார். “இன்னா சகல, பாத்திரம் வெளக்கினியா?” இருபது வருடத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்த ஒரே தடவை. தரமான பாத்திரம், அவர் அப்பாவுடையது. மன்னிப்பு கேட்கலாமென்று வாயைத் திறந்தேன், அவர் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த சட்டையைக் கேட்டு வாங்கி, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உறைக்குள் கையை நுழைத்துக் கண்ணை மூடி வண்டியைத் தடவினார். “நீயும் போடு” என்றார். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம், உறைக்குள் போன விரலுக்கு ரவை கொட்டிய தரைபோல நெருநெருத்தது. ஆறு வருடத் தூசும் கடல் உப்பும் அங்கே உட்கார்ந்திருந்தன.

அன்றே வேலையைத் தொடங்கினார், அடுத்தடுத்த மாலைகளிலும் கடை முடிந்து வந்தார். வண்டிச் சாமான் கடையில் கிடைக்கும், ஒட்டிய தூசை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி, ஒரு டப்பா பாலிஷ், என் பழைய பனியன்கள்: மொத்தச் செலவு அந்தச் சாமந்தியைவிடக் குறைவு. பானெட்டின் நடுவில் ஒரு டேப்பை ஒட்டி, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தார். கீறல் எப்படிப் போகும் என்று கேட்டேன். வழக்கம்போல நேரமெடுத்துச் சொன்னார்: “கீறல் எங்கயும் போவாது. சுத்தி இருக்கிறத அது அளவுக்கு எறக்கணும். அவ்ளோதான்.” பிறகு டேப்பைக் கிழித்தார். இடப்பக்கம் சாம்பல். வலப்பக்கம் ஆழமான நீலத்துக்குள் தெரு விளக்கு, மின்கம்பி, கம்பியில் ஒரு காக்கை, திறந்தபடியே இருந்த என் வாய். இவ்வளவும் அந்தச் சாம்பலுக்கு அடியில்தான் இருந்ததா? இடப்பக்கத்துக்கு நானே ஒரு பனியனை எடுத்தேன்.

கடைசி நாள், ஓட்டுநர் பக்க ஜன்னல் விளிம்பில் அவர் கை நின்றது. உறைக்குள்ளிருந்து விரல்கள் ஓரிடத்தையே திரும்பத் திரும்பத் தடவின. “இங்க வாணாம். பெயிண்ட் ரொம்ப மெலிசா கீது. எறக்க ஒண்ணுமில்ல.” உறையைக் கழற்றிக்கொண்டே, “அப்பா மொழங்கை” என்றார். அப்பா ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடியே ஓட்டுவாராம். அந்த உள்ளங்கை அகல மங்கலை அப்படியே விட்டார்.

மாப்பிள்ளை அழைப்பன்று வண்டியில் ஒரே ஒரு முழம் மல்லிகை. மற்றபடி முழுக்க நீலம். மண்டபத்துச் சீரியல் விளக்குகள் எல்லாம் பானெட்டில் இன்னொரு முறை எரிந்தன. கல்யாணப் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஓட்டிவந்த தன் அப்பாவின் முழங்கை ஜன்னலில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சகலை இப்போது புனேயில் மகளோடு இருக்கிறார். போன மாதம் சாந்தோம் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, உறையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தடவினேன். அப்பாவின் பள்ளத்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் விரல் லேசாக இறங்கியது. புதிதாக ஒரு மெலிந்த இடம். வழக்கமான பதற்றத்தோடு போன் போட்டேன். “சகல, இன்னொரு இடம் தேஞ்சிருக்கு, யாரு பண்ணாங்கன்னே தெரியல!”

அந்தப் பக்கம் காபி ஆறும் நேரம்.

“வண்டில உக்காந்து உன் மொழங்கைய வெச்சிப் பாரு.”

வைத்தேன். பொருந்தியது.

“தேய்க்காத சகல” என்றார். “இருக்கட்டும்.”

உறையை மடித்து, மறுபடி ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்தேன்.