கத்திரி வெயிலுக்கு ஓர் அழைப்பு

நன்கொடை கேட்டு மனு எழுதும் தொழிலில், கேட்பவனுக்கு என்ன தேவை என்பதைவிட, கொடுப்பவருக்கு இந்த வருடம் எது பிடித்திருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். தொண்டு நிறுவனங்களில் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வருட மோஸ்தர்

எழுபதுகளில் பி.ஏ. முடித்த கையோடு செங்கல்பட்டில் ஒரு சிறு சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கருங்குழியில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் தபாலில் போடும்வரை ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பயந்து படிப்பேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், கோடை வந்தால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல இடத்தில் வேறு கிணறு வெட்ட வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் பணம் கேட்டேன். "இப்போது முதியோர் கல்விக்கு மட்டுமே" என்று பதில் வந்தது. அதற்கு முன் அவர்களுக்குக் கோழி வளர்ப்பு பிடித்திருந்தது. அதற்கும் முன் பால் பவுடர். எங்கள் செயலாளர் காதர் பாய், பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெல்பாட்டம் கேக்கறவன்கிட்ட நான் வேட்டிய எடுத்துப் போடுவனா தம்பி? கல்வின்னே எழுது."

பள்ளிக்கூடம் வேண்டுமா?

எழுதுமுன் குப்பத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அஞ்சலையிடம், ராத்திரிப் பள்ளி வைத்தால் வருவீர்களா என்றேன்.

"எழுத்து கத்துகினு இன்னாத்த எழுதப்போறேன் நைனா? தண்ணி இல்லன்னுதான் எழுதணும். அத நீயே எழுதிடு."

மார்கழி விருந்தாளி

ஆனாலும் பாய் சொன்னபடியே எழுதிப் போட்ட முதியோர் கல்வி மனுவுக்கு உடனே பலன் கிடைத்தது. இடம் பார்க்க டிசம்பரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். இதுதான் சமயமென்று அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு நிரம்பியிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, அருமையான தண்ணீர் என்று பாராட்டினார். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப்போனேன்.

"ஆளு வர்றாருன்னு கெணறு கூட சீவி சிங்காரிச்சிகினு கீது பாரு."

பாயின் கையெழுத்து

கல்விக்கான பணம் வரும் நிலையில் இருந்தது. என் சம்பளமும் அதிலிருந்துதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "கோடையில் பெண்கள் கால்வாயைத் தாண்டித் தண்ணீருக்கு நடப்பார்கள், பள்ளிக்கு யாரும் வர மாட்டார்கள். பணம் அனுப்புமுன் மே மாதம் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று தட்டச்சு செய்து பாயிடம் நீட்டினேன். படித்தார், நெற்றியைத் தடவினார், கையெழுத்துப் போட்டார்.

"கத்திரி வெயில்ல வெள்ளக்காரன வரச்சொல்றே. இது மனு இல்ல தம்பி, மெரட்டல்."

ஒரு வாய்

வந்தார். குடையும் தொப்பியுமாக வந்தார். அதே கிணற்றில் அடியாழத்திலிருந்து இறைத்த தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். முகம் கோணிவிட்டது. பலர் முன்னால் துப்புவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கன்னம் உப்ப அப்படியே நின்றார். அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை.

"துப்பு தொர, துப்பு. முழுங்கினா ராவெல்லாம் வயித்தால போவும்."

மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

குழாயடி

கல்விக்கு ஒதுக்கிய பணத்தைக் கிணற்றுக்கே மாற்றித் தந்தார்கள். கால்வாய்க்கு மேற்கே சவுக்குத் தோப்பு மேட்டில் கிணறு வெட்டி, குப்பம்வரை குழாய் போட்டோம். மறு வருடம் அந்த நிறுவனத்தின் சுற்றறிக்கையில் முதலிடம் குடிநீருக்கு. பால் பவுடர் காலத்திலிருந்து அவர்களைப் பார்த்து நாங்கள் மாறினோம். இந்த ஒரு தடவை எங்களைப் பார்த்து அவர்கள் மாறினார்கள். செய்யூர்ப் பக்கத்துச் சங்கங்களெல்லாம் எங்கள் மனுவின் நகல் கேட்டு வந்தன. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"தண்ணி வந்துட்சி, கொடம் பத்தல. அட்த்த மனுல அத்தயும் எழுது நைனா."

நிதி கேட்டு எழுதுகிறவனுக்கு வேண்டியது பாதி ஆங்கிலம், மீதி பஞ்சாங்கம்.